கூட வந்த பிள்ளையும் வீட்டிலிருந்த பிள்ளையும்



சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாத மழையில், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் ஒன்றுக்குப் போயிருந்தேன். கடைசி வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழி விழுந்தது. காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆயிற்றாம். அடுப்பில் மிளகுக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூன்று இரவாகத் தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஏம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலே?" என்று கேட்டேன்.

"அவரு கூடலூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்காரு சார். நான் கூட்டிட்டுப் போனா, நீ யாருன்னு கேப்பாங்க. சித்தின்னு சொன்னா ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க. ஊசி போட்டு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா, மாத்தாந்தாய் கொன்னுட்டாள்னு லைனே பேசும். அவரு வரட்டும்னுதான் பார்த்துட்டிருக்கேன்" என்றாள்.

பையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். நிமோனியாக் காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவள் அந்தச் சித்திதான். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. அவளிடம் பாசத்துக்குக் குறைவில்லை. தனக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். குடும்பநலப் பிரசுரத்தில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லுவேன்.

நம் மலையில் மறுமணம் புதிய சங்கதி இல்லை. படகர் ஊர்களில் விதவை மறுமணம் பழைய காலந்தொட்டே உண்டு. எஸ்டேட் லைன்களிலும் மனைவியை இழந்தவரும் கணவனை இழந்தவளும் சேர்ந்து வாழ்க்கை தொடங்குவது சகஜம். ஆனால் பேச்சு வழக்கில் மட்டும் மாற்றாந்தாய்க்கு நல்ல பெயர் கிடையாது. அரசாங்கம் ஓர் ஊருக்கு ரோடு போடாவிட்டால்கூடப் பத்திரிகைக்காரர்கள் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்றுதான் எழுதுகிறார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கஷாயம் காய்ச்சிய அந்தப் பெண் இதைப் படித்தால் என்ன நினைப்பாள்?

சட்டம் யாரைப் பெற்றோர் என்கிறது?

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு இளவர் காப்பாளர் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தகப்பனும் தாயும்தான் இயற்கைக் காப்பாளர் என்கிறது. அதோடு நிற்காமல், "தந்தை", "தாய்" என்ற சொற்கள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் குறிக்கமாட்டா என்று தனியாக ஒரு விளக்கமும் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் தாலி கட்டியதாலோ, கட்டிக்கொண்டதாலோ மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி அப்பாவோ அம்மாவோ ஆகிவிடுவதில்லை. பத்து வருஷம் வளர்த்திருந்தாலும் நிலைமை அதேதான்.

இதனால் அன்றாடம் ஏதும் கெட்டுப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் விடுவது, தடுப்பூசி போட்டு வருவது, ரேஷன் வாங்குவது இதற்கெல்லாம் யாரும் காப்பாளர் பத்திரம் கேட்பதில்லை. வைத்தியத்திலும் அப்படியே. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதன் நன்மைக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் காப்பாளர் சம்மதம் தரலாம். அல்லது பிள்ளையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் தரலாம் என்று குற்றவியல் சட்டமே சொல்கிறது. வீட்டில் வைத்து வளர்க்கும் சித்தி அப்படிப்பட்ட பொறுப்பாளர்தான். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சம்மதத்துக்காகக் காத்திருக்கவே வேண்டியதில்லை. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் பெற்றவர் கையெழுத்தைக் கேட்பார்கள். வேலைக்காக வெளியூர் போகும் தகப்பனார், "என் பிள்ளையின் வைத்தியத்துக்கு என் மனைவி சம்மதம் தரலாம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போனால் அந்தச் சங்கடமும் தீரும்.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், பெற்றவர் இறந்துவிடும்போது. பிள்ளையின் தாய் இரண்டாவது கணவரோடு வாழ்ந்து இறந்துபோனாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தகப்பன் எங்கோ உயிரோடு இருந்தால் காப்பாளர் அவரே. வளர்த்தவர் தானாகக் காப்பாளர் ஆகமாட்டார். தாத்தா பாட்டியும் உரிமை கேட்டு வரலாம். அப்போது உதகையிலுள்ள நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் மனுப் போடவேண்டும். அந்தச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. அங்கே யார் உசத்தி, யார் தாழ்த்தி என்று பார்க்கமாட்டார்கள். பிள்ளைக்கு எது நல்லது என்பதே முதல் கேள்வி. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையையும் கேட்பார்கள். மனைவியை இழந்து மறுமணம் செய்த இந்துத் தகப்பனார், தனக்குப் பிறகு பிள்ளைக்குக் காப்பாளர் இன்னார் என்று உயிலில் எழுதி வைக்கலாம். இரண்டாவது மனைவியின் பெயரையே எழுதலாம். எழுதாமல் விட்டால்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பஞ்சாயத்து ஆரம்பிக்கிறது.

பிள்ளையின் இனிஷியல் விஷயத்திலும் நிறைய வீட்டில் சண்டை. ஆந்திராவிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கில், கணவன் இறந்தபோது கைக்குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. தாய் மறுமணம் செய்துகொண்டாள். தாத்தா பாட்டி வழக்குப் போட, பிள்ளையின் ஆவணங்களில் இரண்டாவது கணவரை "மாற்றாந்தந்தை" என்று குறிப்பிடும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. 2022 ஜூலை 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அப்படி எழுதுவது பிள்ளையின் மனதைப் புண்படுத்தும், அது கொடுமை என்று நீதிபதிகள் கடுமையாகவே சொன்னார்கள். தகப்பன் இறந்தபின் காப்பாளர் தாய்தான் என்பதால், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டு என்றும் தீர்ப்பில் இருக்கிறது.

சோறும் படிப்பும் யார் பொறுப்பு?

பிள்ளைக்கு ஜீவனாம்சம் தரும் கடமை பெற்ற தகப்பனுக்கும் பெற்ற தாய்க்கும் உரியது. மனைவி மறுமணம் செய்துகொண்டாள், இனி அந்தப் பிள்ளையை அந்த ஆளே பார்த்துக்கொள்ளட்டும் என்று முதல் கணவர் கை கழுவ முடியாது. விவாகரத்தான பெண் மறுமணம் செய்தால் அவளுடைய சொந்த ஜீவனாம்சம் நின்றுவிடும், பிள்ளையினுடையது நிற்காது. முன்பு 125-ஆம் பிரிவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. எண்தான் மாறியிருக்கிறது.

அப்படியானால் மாற்றாந்தந்தைக்குக் கடமையே இல்லையா? இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். பெற்ற தகப்பனிடம் கேட்பதுபோல அவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் பிள்ளை அவர் வீட்டுப் படியேறிவிட்டால், 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் அவரையும் பிடிக்கும். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதை அடித்தாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே கவனியாமல் விட்டு அவதிக்கு ஆளாக்கினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றவரா, வளர்ப்பவரா என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. உரிமை பாதி, கடமை முழுசு என்று ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். அது நிஜந்தான். என்ன செய்வது, சட்டம் பிள்ளையின் பக்கம் நின்றுகொண்டு பார்க்கிறது.

தன் பிள்ளைக்கு முட்டை, மூத்தாள் பிள்ளைக்கு வெறும் கஞ்சி என்று இருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க எங்கள் செவிலியருக்கு ரொம்ப நேரம் ஆகாது. எடை பார்க்கும் அட்டையை வாங்கி இரண்டு பிள்ளைகளின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

பெண் பிள்ளையைப் பதினெட்டுக்கு முன் கட்டிக் கொடுத்துப் பாரத்தை இறக்கிவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதற்குத் துணைபோவது குற்றம், ஆணென்றால் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். பதினாலு வயது ஆகாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்புவதும் குற்றமே.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, வீட்டிலுள்ள ஓர் ஆணைப் பற்றிப் பயந்து ஏதாவது சொன்னால், தாயே, முதலில் நம்புங்கள். திருமணத்தால் உறவானவர் பிள்ளையிடம் தவறாக நடந்தால், போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மற்றக் குற்றத்தைவிடக் கொடியதாக வைத்துத் தண்டிக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். குடும்ப மானம் போய்விடும் என்று மூடி வைத்த வீடுகளில் கடைசியில் பிள்ளைதான் போயிற்று. 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது.

பெற்றவரின் உடம்புக் கதை

சுகாதாரப் பணியாளன் என்ற முறையில் இதைச் சேர்க்காமல் விடமாட்டேன். ஒரு பிள்ளையை வளர்க்க ஏற்றுக்கொள்ளும்போது, அதைப் பெற்றவர்களுக்கு இருந்த நோய் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரிவாள் வடிவ இரத்த அணு நோய், அதாவது சிக்கிள் செல், நம் நாட்டில் முதன்முதலாக 1952-ல் கண்டறியப்பட்டது நீலகிரி மலைமக்களிடையேதான். பெற்றவர் இருவர் இரத்தத்திலும் அந்தக் கூறு இருந்தால் பிள்ளைக்கு நோயாகவே வரலாம். குளிர் நாளில் கை கால் மூட்டு வலிக்கிறது என்று அந்தப் பிள்ளை அழும். கதை தெரியாத வளர்ப்புத் தாய், வேலை செய்யச் சோம்பிக்கொண்டு நடிக்கிறான் என்று நினைத்துவிடுவாள். ஓர் இரத்தப் பரிசோதனை போதும், பிள்ளைக்கு அடி மிச்சம்.

நிலம், வீடு, வைப்புநிதி

சண்டை அதிகம் வருவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஓர் இந்துத் தகப்பனார். சுயமாகச் சம்பாதித்த ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம், பச்சைத் தேயிலை விற்றுப் பிழைப்பு. முதல் மனைவி இறந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது மனைவிக்கு இவருக்குப் பிறந்தது ஒரு பிள்ளை. அவள் முதல் கணவரிடமிருந்து கூட்டி வந்த மகள் ஒருத்தியும் உண்டு. தகப்பனாரின் வயதான தாயாரும் இருக்கிறார். உயில் எழுதாமல் அவர் இறந்துபோனால் அந்த நூறு சென்ட் எப்படிப் பிரியும்? அவருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள், மனைவி, தாயார் ஆக ஐந்து பேர். ஆளுக்கு இருபது சென்ட். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற பேதமோ, ஆண் பெண் பேதமோ இல்லை. கூட வந்த மகளுக்கு மட்டும் ஒரு சென்ட்கூடக் கிடையாது. அவரை அப்பா என்று கூப்பிட்டு, அதே தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்து வளர்ந்தவளாக இருந்தாலும் இதே கதைதான்.

அந்த மகளுக்கு உரியது அவளுடைய சொந்தத் தகப்பன் வீட்டில் இருக்கிறது. "உங்கம்மா வேற கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா, இங்கே உனக்கென்ன?" என்று பெரியப்பாமார் சொன்னால் அது செல்லாது. தாய் மறுமணம் செய்ததால் பிள்ளையின் பங்கு போவதில்லை. தாய்க்கு அவள் முதல் கணவரிடமிருந்து வந்து சேர்ந்த பங்கும் போவதில்லை. மறுமணம் செய்யும் விதவை சொத்தை இழப்பாள் என்று சொன்ன 1856-ஆம் ஆண்டுப் பழைய சட்டம் 1983-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பூர்வீகச் சொத்துக்குக் கணக்கு வேறு மாதிரி. அதற்கு வக்கீலிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

மாற்றாந்தாய் தன் பெயரில் வைத்திருக்கும் நகையும் வீடும் என்ன ஆகும்? உயில் இல்லாமல் அவள் இறந்தால், முதலில் அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லாதபோதுதான், கணவரின் வாரிசு என்ற வகையில் மூத்தாள் பிள்ளைக்கு வரும். 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கிவிட்டது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலும் மாற்றுப் பிள்ளைக்குத் தானாக வாரிசுப் பங்கு வராது. இஸ்லாமியர் வஸிய்யத் மூலம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதி வைக்கலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம்.

ஆக, கூட வந்த பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க மனமிருந்தால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து அவர்களும் கையெழுத்திட வேண்டும். கைநாட்டும் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் பின்னால் வம்பு குறையும்.

தகப்பனார் இறந்தபின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு எழுதும்போது மூத்தாள் பிள்ளைகளின் பெயரை விட்டுவிடுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். பிள்ளை வளர்ந்து ஒருநாள் கேட்கும், அன்றைக்கு நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பீர்கள். அதேபோல, இளவர் பெயரிலுள்ள நிலத்தை மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ விற்க முடியாது. பெற்றவரே விற்பதானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். வாங்குபவர்களும் கவனியுங்கள்.

எஸ்டேட் தொழிலாளருக்குத் தனியாக இரண்டு சங்கதி. முதலாவது வைப்புநிதி. திருமணம் ஆனவுடன் புதிதாக வாரிசு நியமனம் எழுத வேண்டும் என்பது விதி. திருமணத்துக்கு முன் எழுதியது செல்லாது. மறுமணம் ஆனதும் எஸ்டேட் ஆபீசுக்குப் போய்ப் படிவம் வாங்கி, புது மனைவிக்கு இத்தனை விழுக்காடு, மூத்தாள் பிள்ளைக்கு இத்தனை விழுக்காடு என்று பிரித்து எழுதிவிடுங்கள். இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. வைப்புநிதியில் இருந்த கணவர் இறந்து ஓய்வூதியம் வாங்கி வரும் விதவை மறுமணம் செய்தால், அவளுடைய ஓய்வூதியம் நின்றுவிடும். ஆனால் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடையது நிற்காது. நிற்காதது மட்டுமா, விதவை ஓய்வூதியத்தில் 25 விழுக்காடாக இருந்த பிள்ளையின் தொகை 75 விழுக்காடாக உயரும். ஒரு சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். கேட்டு வாங்காமல் விட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்தப் பணம் பிள்ளையினுடையது. புது வீட்டின் கடனை அடைப்பதற்கில்லை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நடைமுறையில் இருந்த காலமெல்லாம், தொழிலாளியின் குடும்பம் என்று அது சொன்னதில் சட்டப்படி பிறந்த பிள்ளையும் தத்துப் பிள்ளையும்தான் இருந்தார்கள். மனைவி கூட்டி வந்த பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்று சட்டம் மாறிவிட்டாலும், எஸ்டேட் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தாயும் அதே எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால், தாயின் பெயரில் பதிந்துவிடுவது சுலபமான வழி.

தத்து எடுத்துக்கொள்வது

மேலே சொன்ன அரைகுறை நிலை எல்லாம் தீர ஒரே முழு வழி தத்து. மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ சட்டப்படி தத்தெடுத்துவிட்டால் பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளை. சிறார் நீதிச் சட்ட வழியில் எந்த மதத்தாரும் செய்யலாம். உதகையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க உதவுவார்கள். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவைக் கலெக்டரே பிறப்பிக்கிறார். பெற்ற இன்னொருவர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். காவல் பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது முடியவேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அதன் சம்மதமும் தேவை. இது எனக்கு மிகவும் பிடித்த விதி. இந்துக்கள் 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பத்திரம் பதிவு செய்தும் தத்தெடுக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஏற்கனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது.

அவசரப்பட வேண்டாம். தத்துப் போன பிள்ளைக்கு, பெற்ற தகப்பன் வழியில் முன்பே வந்து சேர்ந்த சொத்து அப்படியே இருக்கும். இனிமேல் அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டியது வராமல் போகலாம். தாத்தா நிலம் பெரிதாக இருந்து, வளர்ப்பவரிடம் ஒன்றுமில்லை என்றால், தத்துக்குப் பதில் உயிலும் காப்பாளர் நியமனமும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் அடிப்படை, திருமணம் செல்லுபடியாவது. முதல் மனைவி உயிரோடு, விவாகரத்தும் ஆகாமல் இருந்தால், இந்துவின் இரண்டாவது திருமணம் சட்டத்தின் முன் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற பங்கு இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டோம் என்பது, அப்படிப்பட்ட வழக்கம் தொன்றுதொட்டு இருக்கும் சமூகத்துக்குத்தான் பொருந்தும். ஆகவே முதல் கணவரின் அல்லது மனைவியின் இறப்புச் சான்றோ விவாகரத்துத் தீர்ப்போ கையில் இருக்கட்டும். திருமணத்தைத் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம்.

மலையின் பழங்குடி மக்களுக்கு

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்களுக்கு மேலே சொன்ன இந்துச் சட்டங்கள் பொருந்தா. வாரிசு, தத்து, காப்பாளர் விஷயங்களில் அவரவர் வழக்கமே சட்டம். சிறார் நீதிச் சட்டம், போக்சோ, குழந்தைத் திருமணத் தடை இவை மட்டும் எல்லோருக்கும் பொது.

வழக்கம் என்றால் மட்டம் என்று நினைக்கக் கூடாது. தோடர்களிடம் கர்ப்பிணிக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வில்லைக் கொடுத்தவரே பிள்ளைக்கு அப்பா. பிறப்பு யாரால் என்ற விசாரணை கிடையாது. வேறொருவர் வில் கொடுக்கும் வரை, அடுத்து பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவரே அப்பா. நாம் இன்று கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று வாங்குகிற தத்து உத்தரவை அவர்கள் ஒரு மரத்தடியில் ஊரறிய முடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வயதான காலத்தில்

வளர்த்தவருக்கும் சட்டம் கை கொடுக்கிறது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் "பெற்றோர்" என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் அடக்கம். வளர்ந்து சம்பாதிக்கும் பிள்ளை கவனிக்காவிட்டால், உதகை, குன்னூர், கூடலூர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை உத்தரவிட முடியும். வக்கீல் தேவையில்லை.

"நமக்கு" எத்தனை?

நாம் இருவர் நமக்கு இருவர் என்று சிவப்பு முக்கோணத்தோடு சுவரெல்லாம் எழுதிய துறை நாங்கள். மறுமண வீட்டில் அந்தக் கணக்கு உதைக்கும். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று இருக்கிறது. நமக்கென்று ஒன்று வேண்டாமா என்ற ஆசை நியாயமானதே. ஆனால் புது வீட்டுக்கு வந்த பிள்ளை காலூன்ற இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை தற்காலிக முறை ஒன்றைக் கையாளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மறு இணைப்பு ஆபரேஷன் இருக்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வயது, முன்பு செய்த முறை இவற்றைப் பார்த்து டாக்டர் சொல்வார். "இனி குழந்தை பிறக்காது என்பதால் இவள் என் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வாள்" என்று கணக்குப் போட்டுப் பெண் தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் ஐயா.

சட்ட உதவி வேண்டுவோர் உதகை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டியல், பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசம். தொலைபேசியில் 15100. மறுமணம் செய்யும் விதவைகளுக்கான டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு உதவித் திட்டம் பற்றிச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது திருமணப் பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, இறந்தவரின் இறப்புச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்பு, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றை நகலோடு எடுத்துப் போங்கள். பிறப்புச் சான்றில் பெயர் விட்டுப் போயிருந்தால் முதலில் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். எங்கே, யாரிடம் திருத்த வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்புவார்.